வாடிப்பட்டியும் வானம் நோக்கிய முகங்களும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பரவையையும் சமயநல்லூரையும் கடந்து மேலும் வடமேற்கே சென்றால், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வாடிப்பட்டியை அடையலாம். வலப்புறம் சிறுமலைத் தொடர் நீலத் திரை கட்டினாற்போல் நீண்டு கிடக்கிறது. இடப்புறம் சற்றுத் தொலைவில் வையை ஆறும், வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்பெற்ற சோழவந்தானும் அமைந்துள்ளன. இடையே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன.

இப்பசுமைக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்குக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்று நீரை, 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்க வழியே அந்நீர் கிழக்கே திருப்பப்பட்டது. அது வையையோடு கலந்து, பேரணையில் பிரியும் பெரியாற்றுக் கால்வாய் வழியாக இவ்வட்டாரத்து வயல்களுக்கு வந்து சேருகிறது. தன் போக்கில் ஓடிய ஆறு பிறிதொரு கருத்துக்கு வசப்பட்டது. வறண்ட நிலம் விளைநிலமாயிற்று.

வாடிப்பட்டி என்றதும் மதுரைச் சீமையாருக்கு முதலில் நினைவுக்கு வருவது மேளம். இவ்வூரில் தோற்கருவிகளைச் செய்வோரும் வாசிப்போரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். திருமணமாயினும் திருவிழாவாயினும், வாடிப்பட்டி மேளம் முழங்கினால் முதியவர் கால்களும் தாளமிடும் என்பார்கள். பறையை முழக்குவதற்கு முன் அதைத் தீயில் காய்ச்சுவது நம் நாட்டு வழக்கம். தளர்ந்த தோல் அனல் பட்டதும் விறைத்து நிற்கும். அதன் பின்னரே அதிலிருந்து கணீரென்ற ஒலி எழும். தீயைத் தொடாத பறை பேசாது.

கத்தோலிக்க மக்களுக்கோ வாடிப்பட்டி என்றால் ஆரோக்கிய அன்னையின் திருத்தலம். நோயுற்றோர், கடன்பட்டோர், மகப்பேறு வேண்டுவோர், மகனுக்கு வேலை கேட்டு வருவோர் எனப் பலதரப்பட்டோர் அன்னையின் திருமுன் மண்டியிடுகின்றனர். பிற சமயத்து அன்பர்களும் அவர்களோடு கலந்து நிற்கின்றனர். அங்கே பீடத்தை நோக்கி நிற்பதை விடுத்து, ஒருமுறை மக்களின் முகங்களை நோக்கி நின்று பாருங்கள். முக்காடிட்ட ஒரு தாய். அவள் விழிகள் மேல்நோக்கி நிலைத்திருக்கின்றன. இதழ்கள் சற்றே திறந்திருக்கின்றன. கையிலுள்ள செபமாலை நகராமல் நின்றுவிட்டது. அருகிலிருக்கும் குழந்தை முந்தானையைப் பிடித்து இழுப்பதும் அவளுக்குத் தெரியவில்லை. இக்காட்சியை நம் திருத்தலங்கள் எதிலும் காணலாம். 400 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் மாபெரும் ஓவியர்கள் தம் திறமையெல்லாம் திரட்டித் தீட்டிய முகமும் இதுவேதான்!

பரவசம் என்னும் சொல்

இந்நிலையைத் தமிழர் பரவசம் என்று அழைத்தனர். பரம் என்பது பிறிது, மேலானது. வசம் என்பது உரிமை, ஆட்சி. தன்வசம் இழந்து பிறிதொன்றின் வசமாதலே பரவசம். இதே நிலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், தன்னைவிட்டு வெளியே நிற்றல் என்று மட்டுமே பொருள்படும். வெளியே வந்தவன் எங்கே சென்றான், யார் கையில் சேர்ந்தான் என்பதை அச்சொல் கூறுவதில்லை. நம் சொல்லோ அக்கேள்வியைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்கிறது. பரவசப்பட்டவனைப் பார்த்து, நீ யார் வசம் என்று கேட்கிறது.

இக்கேள்வி இன்றியமையாதது. மேள முழக்கத்திலும் மெய்ம்மறக்கலாம்; கூட்டத்தின் ஆரவாரத்திலும் மெய்ம்மறக்கலாம்; கண்ணீரும் மெய்ந்நடுக்கமும் பலவற்றால் வரக்கூடும். கார்மேல் சபைப் புனிதராகிய சிலுவை அருளப்பர் (1542-1591), காட்சிகளிலும் உள்ளக் கிளர்ச்சிகளிலும் பற்று வைத்தலாகாது என்று தம் மாணாக்கரைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார். உணர்ச்சி எவ்வளவு உயர எழுந்தது என்பதன்று கணக்கு. அது மனிதனை யார் கையில் சேர்த்தது என்பதே கணக்கு. பரோக் காலத்து ஓவியர்கள் இக்கேள்வியை வண்ணத்தாலும் ஒளியாலும் கேட்டனர். அவர்கள் படைப்புகளுள் சிலவற்றைக் காண்போம்.

கோணல் முத்து

பரோக் என்னும் பெயர், ஒழுங்கான உருண்டை வடிவம் பெறாத முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். முத்துக்குளித்துறையைத் தன் கரையிலே கொண்ட தமிழ்நாட்டினருக்கு இச்செய்தி இனிக்கும். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணிக்கு, அதன் நேர்மையான அளவுகளைக் கடந்த ஆரவாரத்தைக் கண்டு பிற்காலத்தார் இட்ட பெயர் இது.

அப்பாணி தோன்றியதற்குத் திருச்சபை வரலாற்றில் காரணம் உண்டு. திருவுருவங்கள் கூடா என்று சீர்திருத்தவாதிகள் சிலர் அவற்றை உடைத்தெறிந்த காலம் அது. 1545 முதல் 1563 வரை கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம், தன் இறுதி அமர்வில் திருவுருவங்களைப் பற்றித் தீர்ப்புரைத்தது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் சுட்டும் புனிதரையே சேரும் என்றும், எளிய மக்கள் ஓவியங்களின் வாயிலாக விசுவாசத்தில் ஊன்றப்பட வேண்டும் என்றும் அது கற்பித்தது. எழுத்தறியாதவனும் நூலைப் போலப் படிக்கக்கூடிய ஓவியம் தேவைப்பட்டது. அது கண்ணோடு நின்றுவிடாமல் நெஞ்சைத் தொடவும் வேண்டியிருந்தது.

இங்கேதான் ஓவியர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. புனிதர் கண்ட காட்சியை எப்படித் தீட்டுவது? காணவியலாததை வண்ணத்தில் அடைக்க முடியுமோ? முற்காலத்தார் மேகங்களைப் பிளந்து வானதூதரை வரிசையாக நிறுத்தினர். பரோக் ஓவியருள் சிறந்தோர் வேறு வழி கண்டனர். காட்சியைத் தீட்டுவதைக் குறைத்து, அக்காட்சிக்கு ஆளான மனித உடலைத் தீட்டினர். காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நெற்கதிர் சாய்வதைக் கண்டு காற்றை அறிகிறோம் அல்லவா? அவ்வாறே சாய்ந்த தலையும் தளர்ந்த கையும் மேல்நோக்கிய விழியும் கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் வருகையை அறிவித்தன.

இரவில் இருவர்

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ ஏறத்தாழ 1595-இல் தீட்டிய அசிசியாரின் படம் இதற்கு நல்ல சான்று. அது இன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரக் கலைக்கூடத்தில் உள்ளது. 1224-இல் லா வெர்னா மலையில் ஐந்து திருக்காயங்களைப் பெற்ற அசிசியாருக்கு, ஆறு சிறகுகளையுடைய செராபின் தூதர் தோன்றினார் என்பது மரபு. அதற்கு முன் அந்நிகழ்ச்சியைத் தீட்டியவர்கள் அச்செராபினைத் தவறாது வரைந்தனர். கரவாஜியோ வரையவில்லை. சுற்றிலும் இருள். பழுப்பு நிற அங்கியணிந்த அசிசியார் தரையில் சாய்ந்து கிடக்கிறார். விழிகள் பாதி மூடியிருக்கின்றன. ஒரு வானதூதர், நோயாளியைத் தாங்கும் உறவினரைப் போல, அவரைத் தம் மடியில் ஏந்தியிருக்கிறார். கூட்டமில்லை, முழக்கமில்லை. மருத்துவமனை வராந்தாவில் நள்ளிரவில் நாம் காணும் காட்சி போன்ற ஒன்று அது. இறையருள் இவ்வளவு அமைதியாகவும் வரக்கூடும் என்று அப்படம் நமக்குச் சொல்கிறது.

ஸ்பெயின் நாட்டுச் சுர்பரான், 1635-க்கும் 1639-க்கும் இடையே தீட்டிய அசிசியார் இன்னும் எளியவர். அப்படம் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கிழிந்து ஒட்டுப்போட்ட அங்கி, கையில் மண்டையோடு, முக்காட்டின் நிழலில் விழிகள் மறைந்துபோயின. தெரிவது பாதி திறந்த வாய் மட்டுமே. சொல் முடிந்த இடத்தில் மூச்சே செபமாகிவிட்டது. அந்த ஒட்டுத் துணிகளை ஓவியர் எவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார் என்பதை நோக்கும்போது, பரவசம் பட்டாடை உடுத்தோர்க்கு மட்டும் உரியதன்று என்னும் உண்மை விளங்குகிறது.

சலவைக்கல்லில் ஒரு சர்ச்சை

பரோக் பரவசம் என்றதும் உலகோர் முதலில் சுட்டுவது ஓவியத்தையன்று, ஒரு சிற்பத்தையே. உரோமையில் வெற்றி அன்னை ஆலயத்தின் கொர்னாரோ சிற்றாலயத்தில், 1647 முதல் 1652 வரை பெர்னினி உருவாக்கிய அவிலா நகர்ப் புனித தெரேசாவின் திருவுருவம் அது. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி புரிந்த காலம். தத்துவ போதகர் நம் மண்ணில் வாழ்ந்திருந்த காலம். மேகத்தின்மீது புனிதை மயங்கிச் சாய்ந்திருக்கிறார். வானதூதர் ஒருவர் நெருப்பு நுனியுடைய பொன்னம்பை ஏந்தி நிற்கிறார். மேலே மறைவாக அமைத்த சாளரத்தின் வழியே பகலொளி இறங்கிப் பொன்கதிர்களில் பட்டுப் படர்கிறது. மேற்கூரையில் விண்ணகம் திறந்ததுபோல் ஓவியம். சிற்பம், ஓவியம், கட்டடம் மூன்றும் ஒன்றாயின.

இச்சிற்பத்தைக் கண்டு நையாண்டி செய்தோரும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பயணி ஒருவர், இது மண்ணுலகக் காதலின் மயக்கம் அல்லவோ என்று எள்ளி எழுதினார். இன்றும் அப்படிக் கூறுவோர் உளர். ஆனால் தமிழருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் வைத்துப் பாடும் மரபு நம் மொழியில் ஆழ வேரூன்றியது. ஆண்டாளும், மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரும் அவ்வழியில் பாடினர். விவிலியத்து இனிமைமிகு பாடலைத் திருச்சபைத் தந்தையர் அவ்வாறே விளக்கினர். உடலைத் தவிர வேறு மொழியறியாத மனிதனுக்கு, ஆன்மாவின் நிலையை உடலால் அன்றி எவ்வாறு உணர்த்துவது?

அச்சிற்றாலயத்தில் நம் கருத்துக்குரிய வேறொன்றும் உண்டு. இருபுறச் சுவர்களிலும், மாடத்தில் அமர்ந்தவர்களைப் போல் கொர்னாரோ குடும்பத்தினரைப் பெர்னினி செதுக்கியிருக்கிறார். அவர்களுள் சிலர் வாசிப்பிலும் உரையாடலிலும் ஆழ்ந்திருக்கின்றனர்! அருகிலே விண்ணகம் இறங்கி வந்திருக்கிறது. இவர்களோ தம் பேச்சை விடவில்லை. ஞாயிறு திருப்பலியில் எழுந்தேற்ற வேளையிலும் நம்மிடையே கிசுகிசுப்போர் இல்லையா? சிற்பி நம்மையும் அம்மாடத்தில் அமர்த்திவிட்டார் என்றே தோன்றுகிறது.

ஒரே நாளில் ஐவர்

1622 மார்ச் 12-ஆம் நாள், திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் ஐவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். அவிலா தெரேசா, இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், பிலிப்பு நேரியார், உழவர் இசிதோர் ஆகியோரே அவ்வைவர். பரோக் ஓவியர்களின் தூரிகைக்கு இவர்கள் வற்றாத ஊற்றாயினர். இவர்கள் பரவசத்துக்குப் பின் என்ன செய்தனர் என்று பார்த்தால்தான் அப்படங்களின் பொருள் நமக்குத் தெளிவாகும்.

தெரேசா தமக்கு நேர்ந்த பரவசங்களைப் பிறர் காண்பதைக் கண்டு கூசினார். அவை நேரும்போது தம்மைப் பிடித்துக்கொள்ளுமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொண்டார். நோயுற்ற உடலோடு மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஸ்பெயின் நாடெங்கும் அலைந்து, 17 கன்னியர் மடங்களை நிறுவினார். சமையற்கட்டுப் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று தம் சகோதரிகளுக்குக் கற்பித்தவர் அவர். 1970-இல் திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

பிலிப்பு நேரியாரின் நெஞ்சில் 1544-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்துத் திருநாளையொட்டி நெருப்புருண்டை ஒன்று புகுந்ததாகவும், அதனால் அவர் இதயம் விரிந்ததாகவும் மரபு கூறுகிறது. ஓவியர் குயிதோ ரேனி 1614-இல் அவரை அன்னையின் முன் பரவசமுற்றவராய்த் தீட்டினார். அவரோ திருப்பலிக்கு முன் தம் உள்ளம் எல்லை கடந்து பொங்காதிருக்க வேடிக்கை நூல்களை வாசிக்கச் செய்து கேட்டவர். தம் பரவசத்தைச் சிரிப்பால் மறைத்தவர். உரோமைத் தெருக்களில் திருப்பயணிகளின் பசியைத் தீர்த்தவர்.

இசிதோர் மத்ரித் நகருக்கு அருகே பிறர் நிலத்தில் ஏர் பிடித்த கூலி உழவர். அவர் செபத்தில் ஆழ்ந்திருந்தபோது வானதூதர் ஏர் பிடித்து உழுதனர் என்பது கதை. அவர் மனைவி மரியாவும் அருளாளர் நிலையில் போற்றப்படுகிறார். அரசரும் அறிஞரும் சூழ்ந்த அந்நாளில், மண்வாசம் வீசும் ஓர் உழவர் புனிதராக்கப்பட்டதை வாடிப்பட்டி வயல்களில் நாற்று நடும் நம் சகோதர சகோதரிகள் அறிந்தால் எவ்வளவு மகிழ்வர்!

கோவாவின் தோட்டம்

ஐவருள் நமக்கு மிக நெருங்கியவர் சவேரியார். 1542 மே மாதத்தில் கோவாவை அடைந்த அவர், அவ்வாண்டின் இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். கையில் மணி ஏந்தித் தெருத்தெருவாகச் சென்று குழந்தைகளைக் கூட்டினார். திருமுழுக்கு அளித்து அளித்துத் தம் கை சோர்ந்துபோயிற்று என்று அவரே மடலில் தெரிவித்தார்.

அவர் கோவாவில் புனித பவுல் கல்லூரித் தோட்டத்தில் இரவு நேரங்களில் உலவுவார் என்றும், அப்போது நெஞ்சில் மூண்ட அனல் தாளாமல் அங்கியை மார்பினின்று விலக்கிப் பிடித்தபடி, ஆண்டவர் தரும் இன்பம் தமக்குப் போதும் போதும் என்று மன்றாடுவார் என்றும் கூறுவர். இன்னொரு செய்தியும் உண்டு. வரவிருக்கும் துன்பங்கள் அவருக்கு முன்கூட்டியே காட்டப்பட்டபோது, இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டாராம். இன்பத்துக்குப் போதும் என்றும், துன்பத்துக்கு இன்னும் என்றும் கூறிய இவ்விரு மறுமொழிகளையும் சேர்த்து நோக்கினாலன்றி அவர் பரவசம் விளங்காது.

கோவாத் தோட்டத்து அந்நிலையே 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்குப் படமாக ஐரோப்பாவில் அச்சேறியது. திறந்த அங்கி, மார்பில் ஒளி, மேல்நோக்கிய விழி, இதழில் அம்மன்றாட்டு என, சவேரியார் உலகெங்கும் இவ்வடிவிலேயே அறியப்பட்டார். தீயில் காய்ந்த பறை போன்ற நெஞ்சம் அவருடையது. இந்திய மண்ணில் பிறந்து, பரோக் ஐரோப்பாவில் வடிவுபெற்று, மீண்டும் கீழ்த்திசைக்கு வந்த படம் அது.

அவ்வாறு திரும்பி வந்த படத்துக்கு ஜப்பானில் நேர்ந்ததை ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டும். 1614-இல் அந்நாட்டு ஆட்சி கிறிஸ்தவ மறையை முற்றும் தடைசெய்தது. மறைக்குரிய பொருளை வைத்திருந்தால் குடும்பமே அழியும் நிலை. ஒசாகாவை அடுத்த இபராகி என்னும் பகுதியின் மலைக்கிராமத்தில் ஒரு வீட்டார், திறக்கக் கூடாத பெட்டி என்று ஒரு மரப்பெட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். 1873-இல் தடை நீங்கிய பின்னரும் அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. 1920-இல் அது திறக்கப்பட்டபோது, உள்ளே 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஓவியர் கையால் தீட்டப்பட்ட சவேரியாரின் படம் இருந்தது. மார்பின்மேல் குறுக்காக வைத்த கைகள். அவற்றில் எரியும் இதயம். அதிலிருந்து எழும் பாடுபட்ட சுரூபம். வாயிலிருந்து இலத்தீன் எழுத்துகளில் அதே மன்றாட்டு. இன்று அப்படம் கோபே நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. குருவில்லை, ஆலயமில்லை, திருப்பலியில்லை. ஆயினும் ஒரு படத்தை நம்பி இரண்டரை நூற்றாண்டுகள் ஒரு குடும்பம் உயிரைப் பணயம் வைத்தது. கலை வெறும் அலங்காரமே என்போர்க்கு இதைவிட மறுமொழி வேண்டுமோ?

கதிர் சென்று சேர்ந்த இடம்

உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேற்கூரையில், சேசு சபைத் துறவுச் சகோதரரான அந்திரேயா போட்சோ பேரோவியம் ஒன்றைத் தீட்டி 1694-இல் நிறைவேற்றினார். நிமிர்ந்து நோக்குவோர்க்குக் கூரையே மறைந்து, வானம் திறந்தது போன்ற மயக்கம் உண்டாகும். சிலுவை தாங்கிய ஆண்டவரிடமிருந்து ஒளிக்கதிர் ஒன்று புறப்பட்டு இஞ்ஞாசியாரின் நெஞ்சைத் தாக்குகிறது. அங்கிருந்து அது நான்காகப் பிரிந்து நான்கு கண்டங்களைச் சென்றடைகிறது. மண்ணுலகில் தீமூட்ட வந்ததாக ஆண்டவர் மொழிந்த கருத்தே அவ்வோவியத்தின் உயிர்நிலை. நெஞ்சைத் தொட்ட ஒளி நெஞ்சிலேயே தங்கிவிடவில்லை என்பதை நோக்குக. மலையைக் குடைந்து வந்த பெரியாற்று நீர் கால்வாய்களாகப் பிரிந்து பாய்வது போன்றது அது.

ஒட்டகத்தின்மீது அமர்ந்த பெண்ணாக ஆசியக் கண்டம் அக்கூரையில் தீட்டப்பட்டிருக்கிறது. வண்ணத்தில் அக்கதிர் ஆசியாவை எட்டிய அந்த ஆண்டுகளிலேயே, மெய்யாக அது எட்டிய ஓரிடத்தை நாம் அறிவோம். மதுரை மிஷனின் வேதபோதகரும், பண்டார சுவாமியாய் நம் மக்களோடு நடந்தவருமான புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்டார். பெர்னினி தம் பணியைத் தொடங்கிய 1647-ஆம் ஆண்டே லிஸ்பன் நகரில் அருளானந்தர் பிறந்த ஆண்டாகும். அவர் இறுதி வேளையில் முழந்தாளிட்டுச் செபித்தார். அப்பரவசத்தைத் தீட்ட அங்கே ஓவியர் எவரும் இருக்கவில்லை. ஓரியூரின் செம்மண்ணை நம் மக்கள் இன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்வதே அதற்குச் சான்று.

நம் வீட்டுச் சுவரில்

பரோக் ஓவியத்தைக் காண உரோமைக்கோ வியன்னாவுக்கோ செல்ல வேண்டும் என்று நினைப்போர் உண்டு. அப்பயணம் நம்முள் பலருக்கு இயலாது, தேவையும் இல்லை. அது நம் வீட்டுக் கூடத்திலேயே தொங்குகிறது.

1647-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்த மற்றொருவர் புனித மார்கரீத் மரியம்மாள். பரே-லெ-மோனியால் நகர்க் கன்னியர் மடத்தில் 1673 முதல் 1675 வரை அவர் பரவசத்தில் கண்டதே ஆண்டவரின் எரியும் திரு இருதயம். அக்காட்சியைப் பொம்பேயோ பதோனி 1767-இல் செம்புத் தகட்டின்மேல் தீட்டினார். சிவந்த அங்கி, நீல மேலாடை, நம்மையே நோக்கும் கண்கள், கையில் முள்முடி சூழ்ந்து எரியும் இதயம். அப்படம் உரோமையில் சேசு சபையின் தலைமை ஆலயத்தில் உள்ளது. திருமுழுக்கு அளித்துச் சோர்ந்த சவேரியாரின் வலக்கையின் பகுதியும் அதே ஆலயத்தில்தான் போற்றிக் காக்கப்படுகிறது. பதோனியின் படம் அச்சுகளாகவும் நாட்காட்டிகளாகவும் உலகெங்கும் பரவிற்று. நம் தாத்தாவும் பாட்டியும் குருவை அழைத்து, குடும்பத்தை ஒப்புக்கொடுத்துச் சுவரில் நிறுவிய திரு இருதயப் படம் பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

இப்படத்தைச் சற்று நேரம் நின்று நோக்குங்கள். இதுவரை நாம் கண்ட ஓவியங்களிலெல்லாம் மனிதர் தம் நெஞ்சை இறைவன் வசம் விட்டனர். இங்கேயோ ஆண்டவர் தம் நெஞ்சை மார்பினின்று எடுத்துக் கையில் ஏந்தி நம் முன் நீட்டுகிறார். பரவசம் என்றால் பிறர் வசமாதல் அன்றோ? இங்கே பிறர் வசமானவர் இறைவனே. அவர் நம் வசமாகிவிட்டார். எல்லாப் பரவசத்துக்கும் முந்திய பரவசம் இதுவே. அசிசியாரும் தெரேசாவும் சவேரியாரும் அதற்கு அளித்த மறுமொழியே அவர்கள் சாய்ந்து மயங்கியதும், பின்பு எழுந்து உழைத்ததும்.

வாடிப்பட்டி அன்னையின் திருமுன் விழிநீர் பெருக்கிய அந்தத் தாய் மறுநாள் விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பாள். பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவாள். நோயுற்ற மாமியாரின் படுக்கையைச் சீர்செய்வாள். முந்திய நாள் அவள் யார் வசமானாள் என்பதை அவ்வீட்டார் அப்போது அறிவர். ஓவியர்கள் தீட்டியது அந்த ஒரு நொடியை மட்டுமே. எஞ்சிய நாட்களைத் தீட்டும் பொறுப்பு நம்முடையது.

பழைய படமென்று நம்முள் சிலர் திரு இருதயப் படத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, அவ்விடத்தில் வேறு அலங்காரங்களை மாட்டுகின்றனர். ஜப்பானிய வீட்டார் ஆட்சிக்கு அஞ்சித் தம் படத்தை ஒளித்துக் காத்தனர். எவருக்கும் அஞ்ச வேண்டாத நாம் ஏன் ஒளிக்கிறோம்? பரணிலிருந்து அதை இறக்குவோம், தூசியைத் துடைப்போம், விளக்கேற்றி, இன்று மாலை செபத்துக்குப் பிள்ளைகளை அதன் முன் அமர்த்துவோம். எரியும் அந்த இதயம் என்ன என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், சொல்வதற்கு நம்மிடம் நீண்டதொரு கதை இருக்கிறது.